பிள்ளையின் கண்: ஊர் திரும்பியதும் பார்க்க வேண்டியவை

கூரைத் தகரம், கிணறு இறைப்பு, காணிப் பத்திரம், பங்கீட்டு அட்டை, பாடசாலை அனுமதி என்று ஊர் திரும்பிய முதல் மாதங்களில் ஓடித்திரிய வேண்டிய வேலைகள் நிறைய. இவற்றுக்கு நடுவே, நோகிறது என்று பிள்ளை சொல்லாத ஒரு கண்ணைப் பற்றி நினைக்க நேரம் கிடைக்காதுதான். இருந்தாலும் இந்தப் பக்கங்களை வாசித்துவிடுங்கள். பிள்ளையின் வேறு பல தேவைகளை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். கண்ணின் சில குறைகளுக்கு அந்த அவகாசம் இல்லை. இடம்பெயர்ந்து இருந்த காலத்திலேயே அதில் ஒரு பகுதி போய்விட்டது.

படிப்பில் பின்தங்கிய பிள்ளை

முகாமில் இருந்து வந்த பிள்ளை கரும்பலகையில் உள்ளதை எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கிறது. வாசிக்கச் சொன்னால் வரி மாறிப் போகிறது. படிக்க இருத்தினால் தலையிடி என்கிறது. இதைப் பார்க்கும் ரீச்சரும் நீங்களும் ஒரே முடிவுக்குத்தான் வருவீர்கள்: இத்தனை பாடசாலை மாறி, இத்தனை மாதம் படிப்பு விட்டுப்போன பிள்ளை, அதனால்தான் இப்படி. பல பிள்ளைகள் விடயத்தில் அது சரி. ஆனால் சில பிள்ளைகளுக்குக் கரும்பலகையே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு மற்றவர்களுக்கு வேறு விதமாகத் தெரியும் என்பது தெரியாது. அதனால் அது முறையிடாது. ஒரு கண் மட்டும் குறைவாக இருந்தால் மற்றக் கண்ணால் ஓடும், பந்து பிடிக்கும், சைக்கிள் ஓடும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

வழமையான காலத்தில் இதைப் பிடிப்பதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கு செய்யும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பிள்ளைகளின் பார்வையையும் பார்ப்பார்கள். இடம்பெயர்ந்து திரிந்த பிள்ளைகள் பலருக்கு இந்தப் பரிசோதனை தவறிப்போயிருக்கும். அப்படித் தவறியிருந்தால் அதிபரிடம் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனை நாளில் அந்தப் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். அந்த நாள் எப்போது வரும் என்று தெரியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். கீழே சொல்வதை வீட்டிலேயே செய்து பாருங்கள்.

நாட்காட்டியும் 20 அடியும்

கடைக்காரர் தந்த, பெரிய எழுத்தில் திகதி போட்ட நாட்காட்டி ஒன்று போதும். நல்ல பகல் வெளிச்சத்தில், பிள்ளையின் கண் உயரத்துக்குச் சுவரிலோ மரத்திலோ மாட்டுங்கள். அதிலிருந்து 20 அடி, அதாவது 6 மீற்றர் தள்ளிப் பிள்ளையை நிறுத்துங்கள். உள்ளங்கையைக் குழித்து ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கால் பார்க்கும். கண்ணை அமத்தினால் பிறகு அந்தக் கண் மங்கும். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாகக் காட்டி வாசிக்க விடுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடி, வேறு இலக்கங்களைக் காட்டுங்கள். அதே இலக்கங்களைக் காட்டினால் பிள்ளை நினைவில் வைத்துச் சொல்லிவிடும்.

எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு மட்டையில் கறுப்பு மையால் மூன்று பல் உள்ள சீப்புப் படம் ஒன்றைக் கீறி, அதை மேலே, கீழே, இடம், வலம் என்று திருப்பிப் பிடியுங்கள். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டச் சொல்லுங்கள். 4 வயதுப் பிள்ளை விளையாட்டாக இதைச் செய்யும்.

எந்த இலக்கம் வரை வாசித்தது என்பது பெரிய விடயமில்லை. நாட்காட்டி கண் வைத்தியரின் அட்டை ஆகாது. நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரு கண்ணுக்குத் தெரிவது மற்றக் கண்ணுக்குத் தெரியவில்லையா? கண் நல்லாய் உள்ள அண்ணனோ அக்காவோ அதே இடத்தில் நின்று வாசிப்பதை இந்தப் பிள்ளையால் வாசிக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் வைத்தியசாலைக்குப் போக அது போதுமான காரணம்.

கைக்குழந்தை என்றால் ஒரு கண்ணை மெதுவாகக் கையால் மறைத்துப் பாருங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது பேசாமல் இருந்து, மற்றதை மறைத்தவுடன் ஒவ்வொரு தடவையும் அழுது கையைத் தட்டிவிட்டால், மறைக்காமல் விட்ட அந்தக் கண்ணில் பார்வை குறைவாக இருக்கக்கூடும். 3 மாதம் ஆன குழந்தை தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும், அசைகிற பொருளின் பின்னால் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம், நீங்கள் மிசி என்று கூப்பிடுகிறவரிடம், அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள்.

சோம்பல் கண்: காலம் கடந்தால் கிடைக்காதது

பார்ப்பது கண் மட்டும் செய்யும் வேலை இல்லை. கண் அனுப்புவதை மூளை படமாக வாசிக்கப் பழக வேண்டும். நடக்கப் பழகுவதுபோல இதுவும் பிள்ளைப் பருவத்தில்தான் நடக்கிறது, பெரும்பாலும் 7, 8 வயதுக்குள். அந்தக் காலத்தில் ஒரு கண் தெளிவில்லாத படத்தை அனுப்பினால் மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒதுக்கப்பட்ட கண் வெளியே பார்க்க நல்ல கண்போலவே இருக்கும்; ஆனால் பார்வை வளராது. இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். வளர்ந்த பிறகு எத்தனை நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் தெளிவாகப் பார்க்காது, ஏனென்றால் மூளை பழகவில்லை.

நேரத்தோடு கண்டுபிடித்தால் வைத்தியம் எளிது. கண்ணாடி தேவையென்றால் கொடுப்பார்கள். பிறகு நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, பலவீனமான கண்ணை வேலை செய்ய வைப்பார்கள். எத்தனை மணித்தியாலம், எத்தனை மாதம் என்பதை வைத்தியர் சொல்வார். இங்கேதான் பல குடும்பங்கள் தளர்ந்துபோகின்றன. மூடினவுடன் பிள்ளைக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. அழும், பிய்த்து எறியும், பாடசாலையில் பகிடி பண்ணுவார்கள். "இருக்கிற நல்ல கண்ணையும் ஏன் மூடுகிறார்கள்" என்று அம்மம்மா கோபிப்பார். மூடுவதன் காரணத்தை முதலில் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்திவிடுங்கள். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான். ஒட்டுத்துணி போட்டிருக்கும் நேரத்தில் படம் கீறுவது, மணி கோர்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது போன்ற கிட்டத்து வேலைகளைக் கொடுங்கள். ஓட்டமும் மரம் ஏறுவதும் அந்த நேரத்தில் வேண்டாம்.

பிள்ளைக்கு 10, 12 வயது ஆகிவிட்டது, இனிப் பயன் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பயன் குறைவாக இருக்கலாம், ஆனால் சிலருக்குக் கிடைக்கிறது. அதைக் கண் வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

சோம்பல் கண்ணுக்கு ஒரு பெரிய காரணம் வாக்குக் கண். பிறந்து முதல் சில மாதங்களில் குழந்தையின் கண் இடைக்கிடை விலகிப் போவது வழமை. 6 மாதத்துக்குப் பிறகும் விலகினால், அல்லது எந்த வயதிலும் ஒரு கண் எந்நேரமும் விலகியே நின்றால், அது காட்ட வேண்டிய விடயம். வாக்குக் கண் அதிர்ஷ்டம் என்றும் வளர வளரச் சரிவரும் என்றும் சொல்வார்கள். அதிர்ஷ்டத்தைப் பற்றி நாங்கள் வாதாட வரவில்லை; தானாகச் சரிவரும் என்பதுதான் பிள்ளையின் பார்வையைக் கெடுக்கும் பேச்சு.

கறுப்புமணிக்குள் வெள்ளை

இதற்கு ஒரு கிழமையும் பொறுக்க வேண்டாம். பிள்ளையின் கண்ணின் நடுவில் உள்ள கறுப்புமணி வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது இரவில் விளக்கு வெளிச்சத்தில் பூனைக் கண்போல மினுங்கினால், அல்லது வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால், உடனே கண் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். கண்புரை கிழவர்களுக்குத்தான் வரும் என்பது பிழை. குழந்தைகளுக்கு வந்தால், பார்வையைத் தடுக்கும் புரையை முதல் மாதங்களிலேயே எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் மேலே சொன்ன சோம்பல் வந்துவிடும். அரிதாக, அது கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில்தான் அது பெரும்பாலும் வருகிறது. நேரத்தோடு பார்த்தால் உயிரையும் பல வேளைகளில் கண்ணையும் காப்பாற்றலாம். வயல் விதைப்பு முடியட்டும், கொடுப்பனவு வரட்டும் என்று தள்ளிப்போடும் விடயம் இது இல்லை.

முன்னர் காயப்பட்ட கண்

யுத்த காலத்தில் கண்ணிலோ கண்ணைச் சுற்றியோ காயப்பட்ட பிள்ளைகள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். காயம் ஆறிவிட்டது, நோவு இல்லை, அந்தக் கண் போனது போனதுதான் என்று விட்டிருப்பீர்கள். இரண்டு காரணங்களுக்காக அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை காட்ட வேண்டும். கண்ணுக்குள் இரும்புச் சிதறல் நின்றிருந்தால் அது காலப்போக்கில் துருப்பிடித்து, மிச்சம் இருக்கும் பார்வையையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். மற்றது, ஒரு கண் ஆழமாகக் காயப்பட்டால், அரிதாக, கிழமைகளோ மாதங்களோ சிலவேளை வருடங்களோ கழித்து மற்ற நல்ல கண்ணிலும் அழற்சி வரலாம். நல்ல கண் சிவக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, மங்குகிறது என்று அந்தப் பிள்ளை சொன்னால் அன்றைக்கே வைத்தியசாலை. அத்துடன், உடம்பில் சிதறல் உள்ள பிள்ளைக்கு எப்போதாவது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னால் முதலில் அந்த விடயத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் காந்தம், இரும்பை அசைக்கும்.

காணி துப்பரவாக்கும்போது

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவு பற்றையாகத்தான் இருக்கும். விடத்தலும் நாயுண்ணியும் வெட்டும்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். இழுத்து விட்ட கொப்பு திரும்பி அடிப்பது பிள்ளையின் முக உயரத்துக்குத்தான். குப்பையைக் கூட்டிக் கொளுத்துவதும் அப்படியே. நிலத்துக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாத காணியில் நெருப்பு வைக்கவே கூடாது. கண்ணிவெடி அகற்றி உறுதி தராத இடங்கள் பற்றி இந்தக் கைநூலின் வேறு பகுதியில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

முள், வைக்கோல், நெல்லுச் சுணை, இலை விளிம்பு கண்ணில் பட்டால் சின்னக் கீறல்தான் என்று விடாதீர்கள். மரஞ்செடியால் வந்த கீறலில் பூஞ்சணம் பிடித்துக் கருவிழியில் புண் வரலாம். இரண்டு மூன்று நாளில் கண் சிவந்து, கண்ணீர் ஓடி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது புண். ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு நடுவில் நின்றால் பார்வையை மறைக்கும். எதுவும் கண்ணில் குத்தி நின்றால் அதை இழுக்காதீர்கள், கண்ணை அமத்தாதீர்கள். கண்ணைத் தொடாதபடி ஒரு சிரட்டையையோ கடதாசிக் குவளையையோ மேலே கவிழ்த்துக் கட்டி, அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எருக்கலம் பாலும் கள்ளிப் பாலும் கண்ணில் பட்டால் எரிந்து மங்கும். அதைவிட மோசமானது சுண்ணாம்பு. வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் சுண்ணாம்பு, வீடு கட்ட வைத்திருக்கும் சுண்ணாம்பு, சீமெந்து எல்லாம் ஒன்றே. பிள்ளைகள் சுண்ணாம்புப் பையைப் பிதுக்கி விளையாடும். வெடித்துக் கண்ணுக்குள் போனால் சில நிமிடத்திலேயே கருவிழி வெந்துவிடும். அந்த வேளையில் வாகனம் தேடி ஓடாதீர்கள். முதலில் தண்ணீர். பிள்ளையைச் சரித்துப் படுக்கவைத்து, இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைச் செம்பால் தொடர்ந்து ஊற்றுங்கள், 20 நிமிடம் குறையாமல். இமைக்குள் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துண்டை ஈரத் துணி நுனியால் எடுங்கள். பிள்ளை கத்தும்; இரண்டு பேர் பிடிக்க வேண்டிவரும். கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, கொதிக்கவைக்கவில்லை என்று யோசிக்க வேண்டாம், கிடைக்கிறதில் சுத்தமானதை ஊற்றுங்கள். கழுவின பிறகுதான் பயணம். கண் தப்புமா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த 20 நிமிடத்தில் இருக்கிறது.

கண்ணில் எதை விடலாம்

கண் சிவந்து பீளை கட்டினால் தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவதும் தேன் விடுவதும் எங்கள் ஊர்களில் வழமை. மூடிய இமைக்கு மேல் குளிர்ச்சிக்குப் பூ வைப்பதால் கெடுதி இல்லை. கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் துடையுங்கள். ஒரு கண்ணுக்குப் பாவித்த துணி மற்றக் கண்ணுக்கு வேண்டாம். சாதாரணக் கண்நோய் பெரும்பாலும் ஒரு கிழமை, இரண்டு கிழமையில் மாறும். நெருக்கமான தற்காலிகக் கொட்டிலில் அது ஒரு நாளில் எல்லோருக்கும் தொற்றும். துவாயும் தலையணையும் வேறாக இருக்கட்டும், கை கழுவட்டும். கடும் நோவு, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது சாதாரணக் கண்நோய் இல்லை. பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையின் கண்ணில் சீழ் வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டில் மிஞ்சிய துளிமருந்தை வாங்கி விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சில துளிமருந்துகளில் ஸ்டிரொயிட் கலந்திருக்கும். போட்டவுடன் சிவப்பு மாறும், சுகம்போலத் தெரியும். உள்ளே புண் இருந்தால் வேகமாகப் பெருக்கும். நாள்பட விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும். திறந்த துளிமருந்துப் போத்தல் பொதுவாக 4 கிழமைக்கு மேல் கூடாது. கைக்குழந்தைக்குக் கண்ணுக்குள் மை தீட்டுவதும் வேண்டாம். கண்ணூறுக்குப் பொட்டு வைக்க விரும்பினால் கன்னத்திலோ உள்ளங்காலிலோ வையுங்கள்.

முருங்கைத் தடி ஒன்று

மம்மல் நேரத்தில் பிள்ளை தடக்கி விழுகிறது, இரவில் கோப்பையைத் தடவித் தேடுகிறது என்றால் மாலைக்கண்ணாக இருக்கலாம். விற்றமின் ஏ குறைவின் முதல் அடையாளம் அது. இன்னும் குறைந்தால் வெள்ளைவிழி வறண்டு, நுரைபோலச் சாம்பல் திட்டு தெரியும். அதற்கும் பிறகு கருவிழியே கரையும். சின்னமுத்து வந்த பிள்ளைக்கும் நாள்பட்ட வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கும் இது திடீரென்று வரக்கூடும். அரிசி, மா, பருப்பு, சீனி என்று நிவாரணப் பொருட்களிலேயே சமைத்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கிளினிக்கில் விற்றமின் ஏ கொடுக்கிறார்கள். இடம்பெயர்வில் எந்தத் தவணை தவறியது, சின்னமுத்துத் தடுப்பூசி போட்டதா என்பதை மிசியிடம் கேளுங்கள். கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம், புதியது எழுதித் தருவார்கள். தவறியதற்காக நீங்களாக இரட்டை மடங்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். விற்றமின் ஏ கூடினாலும் நஞ்சு.

வீட்டில் செய்யக்கூடியது இது: வந்த முதல் கிழமையிலேயே வேலியோரம் ஒரு முருங்கைத் தடி ஊன்றுங்கள், குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் இரண்டு பப்பாசி விதை போடுங்கள். முருங்கையிலை சில மாதத்தில் சட்டிக்கு வரும். பொன்னாங்காணி, அகத்தி, வல்லாரை, மஞ்சள் பூசணி, பழுத்த மாம்பழம், பனம்பழம் எல்லாவற்றிலும் உடம்பு விற்றமின் ஏயாக மாற்றக்கூடிய சத்து இருக்கிறது. கீரையைத் தேங்காய்ப்பூவோ தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்த்துச் சமையுங்கள். கொழுப்பு இல்லாவிட்டால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. முட்டை மஞ்சட்கருவும் ஈரலும் குடலோடு சாப்பிடும் சின்ன மீனும் கிடைத்தால் நல்லது. பிறந்த குழந்தைக்கு முதல் வரும் மஞ்சள் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள், அதில் விற்றமின் ஏ நிறைய உண்டு.

இலைக்கறி கண்ணாடியைக் கழற்றி வைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கிட்டப்பார்வை கண்ணின் அமைப்பால் வருவது, அதற்குக் கண்ணாடிதான். கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் குறையும் என்பதும் பிழை. பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் சம்பந்தம் சரிவராது என்று தயங்கும் தாய்மாருக்கு ஒன்று மட்டும்: கரும்பலகை தெரியாத பிள்ளை பரீட்சையில் விழும், அதையும் கணக்கில் எடுங்கள். இடம்பெயர முன்னர் எடுத்த பழைய கண்ணாடியும் அண்ணனின் கண்ணாடியும் இந்தப் பிள்ளைக்குச் சரிவராது. பிள்ளை வளர வளர அளவு மாறும், வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கண் கிளினிக்குக்குப் போகும்போது

அரசாங்க வைத்தியசாலையில் கண் பரிசோதனை இலவசம். அருகிலுள்ள வைத்தியசாலையில் கண் பிரிவு இல்லாவிட்டால், அங்கிருந்து துண்டு எழுதி மாவட்ட வைத்தியசாலைக்கோ போதனா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். பெரிய சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை வரை போக வேண்டி வரலாம். கண் கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்று முதலே விசாரித்துக்கொண்டு, கிளினிக் கொப்பி, முன்னைய வைத்தியத் துண்டுகள், பாவிக்கும் மருந்துப் போத்தல், பழைய கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காலையில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தே கூட்டிப்போங்கள். வரிசை நீளமாக இருக்கும்.

கறுப்புமணியை விரிக்க ஒரு துளிமருந்து விடுவார்கள். அதற்குப் பிறகு சில மணித்தியாலம், சில மருந்துக்கு ஒரு நாளுக்கு மேலும், கிட்டத்தில் எழுத்து மங்கும், வெயில் கூசும். பயப்பட வேண்டாம், அது மாறும். தொப்பியோ குடையோ கொண்டுபோங்கள். அடுத்த தவணைத் திகதியைக் கொப்பியில் எழுதித் தராவிட்டால் கேட்டு எழுதுவித்துக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் விசாரித்துவிட்டுப் போங்கள்.